மூன்றாவது அறையில் சங்கரபாண்டி

ஆவுடையப்பன் ஒவ்வொரு அட்டையையும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்தார். கல்வெட்டுத் துண்டுக்குக் கீழே இருந்த அட்டை, முதுமக்கள் தாழிக்குக் கீழே இருந்த அட்டை, பொருட்களைத் தொடாதீர்கள் என்று எழுதியிருந்த அட்டை, எல்லாவற்றையும், உதடு மட்டும் அசைய, வாய்க்குள்ளேயே. வசந்தகோகிலம் அதற்குள் அந்த அறையை முடித்துவிட்டு வாசல் நிலையில் சாய்ந்தபடி அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுத்தான் முடி வெட்டி வந்திருந்தார். காதுக்குப் பின்னால் ஒரு கொத்து மட்டும் கத்தரிக்குத் தப்பி நின்றது. வீட்டுக்குப் போனதும் அதை வெட்டிவிட வேண்டும், வெட்டலாமா, அந்த அளவுக்கு ஆகிவிட்டதா, கல்யாணமாகி இன்னும் ஒரு மழைக்காலம்கூட முழுசாக முடியவில்லை. கல்யாணம் என்ற சொல் மனதுக்குள் வந்ததுமே, யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்பதுபோல் சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். அறையில் தாழியும் அவரும் மின்விசிறியும்தான். பேரன் எடுத்த வயதில் கல்யாணம் என்று அண்ணன் போனில் சொன்னான். பிறகு போனும் செய்யவில்லை. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, பேரன் இருக்கிறான், ஓசூரில் மகள் உமையாள் வீட்டில், பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கிறது. அந்த உமையாள்தான், "அம்மா, உனக்கு அவரப் பிடிச்சிருக்குல்லா, பின்ன என்ன யோசன?" என்று ஒரே கேள்வியில் காரியத்தை முடித்தவள். பிடித்திருக்கிறதா என்று அதற்கு முன்னால் அவளை யாரும் கேட்டதில்லை. சங்கரபாண்டியைக் கட்டும்போது கேட்கவில்லை, அத்தை மகன், பிறந்தபோதே பேசிவைத்தது, பிடிக்காமல் எங்கே போய்விடும்? பிடித்துத்தான் இருந்தது. அதுதானே இப்போது தொந்தரவு. பிடிக்காமல் இருந்திருந்தால், இந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டு இப்படி நிம்மதியாக நிலையில் சாய்ந்து நிற்பதில் குறுகுறுப்பு எதுவும் இருந்திருக்காது.

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, "கோகிலா, பழைய தாலுகா ஆபீஸ மியூசியமாக்கிட்டாங்களாம், போவமா?" என்று அவர்தான் கேட்டார். இந்த ஊரிலேயே இத்தனை வருஷம் இருந்தும் இந்தக் கட்டடத்துக்குள் அவள் வந்தது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான், அதுவும் வரிசையில் நின்று, திட்டிக்கொண்டே. இப்போது சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தரையைத் தேய்த்து, ஜன்னலுக்கு நீலத்தில் வர்ணம் பூசியிருக்கிறார்கள். ஆனால் வாசனை போகவில்லை. ஈரக் காகிதமும் கோந்தும் கலந்த அந்த வாசனை எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் போகாதுபோல. கோகிலா. சங்கரபாண்டி அவளை வசந்தா என்பார். இவர் கோகிலா என்கிறார். யாரும் உட்கார்ந்து பேசிப் பெயரைப் பங்கு பிரிக்கவில்லை, அது பாட்டுக்கு அப்படி விழுந்துவிட்டது. இவரை என்னவென்று கூப்பிடுவது என்பது மட்டும் அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை. அத்தான் என்று வராது, அது ஒரு ஆளுக்கானது. ஏங்க என்று கூப்பிட வெட்கமாக இருக்கிறது. அடுக்களையிலிருந்து கூப்பிட வேண்டியிருந்தால் ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தி வைப்பாள், அவர் எழுந்து வந்துவிடுவார். கருவூலத்து வராந்தாவில் முதல்முதலாகப் பேசியபோதும் அவர்தான் பேசினார். ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருக்கிறோம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டிய நாள் அது. வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற இவர் அறிவிப்புப் பலகையை முழுசாகப் படித்துவிட்டுத் திரும்பி, "நாம உயிரோடதான் இருக்கோம், ஆனா அவங்க சாப்பிடப் போயிட்டாங்களாம்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு என்றெல்லாம் இல்லை, அவள் தினமும் சிரிக்கிறவள்தான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கும்போதும் அது கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"வா, அடுத்த ரூமுக்குப் போவம்" என்று அவர் வந்தார். இரண்டாவது அறையில் கால் வைத்ததும் அவள் நின்றுவிட்டாள். கயிறு கட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கம், துடைத்து எண்ணெய் பூசி, மேலே ஒரு விளக்கும் போட்டு நிறுத்தியிருந்தார்கள் அவளுடைய ஸ்விட்ச்போர்டை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் உட்கார்ந்திருந்த பலகை, அந்த ஓட்டைகள், சொருகுகிற கயிறுகள், பக்கத்தில் அவள் உட்கார்ந்து தேய்த்த அதே சுழல் நாற்காலி. கீழே ஒரு அட்டை. அவர் குனிந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். அவளுக்கு முதலில் கூச்சமாக வந்தது, குளித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துவிட்டதுபோல. பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். உயிரோடு இருக்கும்போதே கொண்டுவந்து தாழிக்குப் பக்கத்து அறையில் வைத்துவிட்டார்களே. "இதுலதான் இருந்தியா?" என்று அவர் கேட்டார். "இதேதான். அந்த ஓரத்து ஓட்டை கலெக்டர் பங்களா. அவங்க வீட்டம்மா வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டா பாதி நாள் போயிரும்" என்று கயிற்றைத் தாண்டிக் கை நீட்டினாள். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவல் பெண், செல்வராணி என்று சட்டையில் பெயர்ப்பட்டை, "தொடாதீங்கக்கா" என்றாள். "நான் தொட்டுத்தொட்டுத் தேஞ்சதும்மா இது." "அப்படியா? அப்பம் தொட்டுக்கோங்க, எங்க ஆபீசர் சார்வாள் வாரதுக்குள்ள" என்று அந்தப் பெண் எழுந்து வந்து தானே கயிற்றை அவிழ்த்துவிட்டாள். தொட்டாள். குளிர்ந்திருந்தது. ஊரில் யார் குரல் யாருடையது என்று அந்தக் காலத்தில் அவளுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. ஹலோ என்று சொல்ல வேண்டாம், மூச்சு விட்டாலே போதும், மரக்கடைக்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ், தபால்காரர் மச்சினன். செத்துப்போன பலருடைய குரல்கூட இன்றைக்கும் காதில் அப்படியே இருக்கிறது, மரக்கடைக்காரர் தொண்டையைச் செருமுவது, நர்ஸ் கடைசிச் சொல்லை இழுப்பது. சங்கரபாண்டியின் குரல்தான் இல்லை. கொஞ்ச நாளாக இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை. வீட்டில் ஏதோ ஒரு பண்டத்தைத் தேடும்போதுதானே அது காணாமல் போனதே தெரியும்? அப்படித்தான் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, வசந்தா என்று அவர் கூப்பிடுவதை மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தாள், வசந்தா என்றது ஆவுடையப்பன் குரலில் வந்தது. கையிலிருந்த வேட்டியைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள். மறுபடி இவர். அன்றிலிருந்து பயந்து பயந்து ஒரு பக்கம் கூப்பிட்டுப் பார்ப்பதும், வேண்டாம், தேடத் தேட இன்னும் தூரப் போகும் என்று விட்டுவிடுவதும், விட்டுவிட்டதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பதுமாக இருக்கிறாள். குடித்தனம் நடத்திய காலமெல்லாம் கேட்ட குரல். திட்டிய குரல், கொஞ்சிய குரல், வேலை பார்த்த பஸ் டிப்போவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவதற்கு முன்னால் காலையில், "சட்டைல பட்டன் தெறிச்சிட்டு" என்ற குரல். சொன்னது ஞாபகம் இருக்கிறது, சத்தம் இல்லை. சந்தோஷமாக இருப்பது ஒரு துடைப்பம்போல எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளிவிடுமா? அப்படியானால் இந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருந்தால்கூடப் போதுமே. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? இவரிடம் சொல்ல முடியாது. இவர் இறந்துபோன தன் மனைவி மரகதத்தைப் பற்றி முதல் வாரத்திலேயே சாதாரணமாகப் பேசினார், மரகதம் ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போட மாட்டா, அரைச்சுத்தான் போடுவா என்று. அவளுக்கு அப்படி வரவில்லை. சங்கரபாண்டி என்ற பெயரை இந்தப் புது வீட்டுக்குள் அவள் இதுவரை ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது மரியாதையா, கேட்கப் பிடிக்காததா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அதைப் போய்க் கிளற வேண்டாம் என்று இருந்தாள்.

அவர் ஸ்விட்ச்போர்டு அட்டையின் அடுத்த பத்தியில் இருந்தார். அவள் மூன்றாவது அறைக்குப் போனாள். ஆற்றங்கரைப் பக்கத்து அறை, ஜன்னல் வழியாகக் காற்று வந்தது, ஆறு வெயிலில் ஒடுங்கிப் போய்க்கொண்டிருந்தது. சுவர் நிறையப் படங்கள், எல்லாம் பெரிய வெள்ளம். கறுப்பு வெள்ளையில், சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு. பாலம் முழுகிய படம். கடைத்தெருவில் படகு போகிற படம். ஒரு பசு மாடி வராந்தாவில் நிற்கிற படம். பார்க்கப் பார்க்க அந்த நாளே வந்துவிட்டது. உமையாள் கைக்குழந்தை, காய்ச்சல் கண்டிருந்தது, மேட்டுத் தெரு என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் பால் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. சங்கரபாண்டி காலையில், பால் கிடைக்குதான்னு பாத்துட்டு வாரேன் என்று போனவர் பொழுது சாயத்தான் வந்தார். பால் இல்லை. சட்டையும் இல்லை. இடுப்பில் ஈர வேட்டி மட்டும். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து கிடந்தது, கேட்டதற்கு சந்தில் வழுக்கி விழுந்தேன் என்றார். இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்றதற்கு, "கடைத்தெருவுல நின்னேன், தண்ணி ஏறிட்டே வந்துது, வேடிக்க பாத்தேன்" என்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது வேடிக்கை. அதற்குப் பிறகு அந்தச் சொல் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மளிகையில் ஏதாவது மறந்து வந்தால், வெள்ளத்தில் வேடிக்கை பார்த்த ஆளுதானே நீங்க. பள்ளிக்கூடத்துக்கு உமையாளைக் கூப்பிடப் பிந்தினால், எங்கயாவது வெள்ளம் வந்துதோ. அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். உமையாளும் வளர்ந்தபிறகு சேர்ந்துகொண்டு, அப்பா வேடிக்க பாக்கப் போயிருக்காங்க என்பாள். அதற்கும் சிரிப்பார்.

ஜன்னலுக்குப் பக்கத்துப் படத்தில் ஒரு கயிறு இருந்தது. மண்டபத்துத் தூணிலிருந்து எதிர்ப்பக்கத்து மின்கம்பத்துக்கு இழுத்துக் கட்டிய கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் வரிசையாக ஆட்கள். நடுவில் ஒரு ஆள், தோள்மேல் ஒரு கிழவி, திருவிழாவில் பிள்ளை உட்கார்வதுபோலக் காலைத் தொங்கப்போட்டு, கிழவியின் இரண்டு கையும் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பற்றியிருக்கின்றன. அவன் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறான். வாய் அகலத் திறந்திருக்கிறது. ஒரு காது மற்றதைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காதை அவளுக்குத் தெரியும். உமையாளுக்கும் அதே காதுதான், அதை மறைக்கத்தான் அவள் கல்யாணத்தன்று அவ்வளவு பூ வைத்தார்கள். அவளுக்கு முதலில் வந்தது பயம்தான். ஐயோ, இவருக்கு நீச்சல் தெரியாதே. வாய்க்காலில் கால் நனைக்கக்கூட யோசிக்கிற ஆள், குற்றாலத்தில் அருவிக்கு எட்ட நின்று துண்டை நனைத்துத் துடைத்துக்கொள்கிற ஆள், கழுத்தளவு தண்ணீரில், தோளில் பாரத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு. கயிறு அறுந்தால்? கால் வழுக்கினால்? படத்தின் ஓரத்தில் ஒரு மரக்கட்டை மிதந்து வந்துகொண்டிருக்கிறது, அது நேராக இவரைப் பார்த்துத்தான் வருகிறது, யாரும் பார்க்கவில்லையா அதை, படம் எடுத்தவனாவது சொல்லக் கூடாதா? கையைச் சட்டத்தின்மேல் வைத்துவிட்டாள். வைத்தபிறகுதான், இவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட்டாரே என்று நினைவு வந்தது. வந்து, சோறு கேட்டு, சாப்பிட்டு, அதற்குப் பிறகு எத்தனை வருஷம் இருந்து, டிப்போவில் போய்ச் செத்தும் போனாரே. செத்துப்போன மனிதர் தண்ணீரில் முழுகிவிடுவாரோ என்று பயந்து நிற்கிறேனே, பைத்தியமா எனக்கு? கூடவே கோபம் வந்தது, சுத்தமான கோபம், அடுப்பங்கரைக் கோபம். வேடிக்கை பாத்தீங்களாக்கும். சொல்லித் தொலைத்திருக்கலாம்ல. இத்தனை வருஷம் நான் சொல்லச் சொல்லச் சிரித்துக்கொண்டிருந்தீங்களே. ஏன் சொல்லவில்லை என்று கேட்கும்போதே அதற்குப் பதிலும் வந்துவிட்டது. சொன்னால் அவள் அடுத்த மழைக்கு வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டாள். நீச்சல் தெரியாத மனுஷன், கைப்பிள்ளைக்காரன் என்று சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கியிருப்பாள். அதற்கு வேடிக்கை பார்த்தவன் என்ற பேரே மேல் என்று இருந்துவிட்டார். சரியான கள்ளன். அவர் என்னவோ கத்துகிறார் பாருங்கள், அவ்வளவு பெரிய வாய். எதற்குக் கத்துகிறார்? காப்பாத்துங்க என்றா? இல்லை, அப்படிக் கத்துகிற ஆள் இல்லை. கிழவி கை முடியில் இருக்கிறது. முடி என்றால் அவருக்கு உயிர், நாளுக்கு எத்தனை தடவை சீப்பு எடுப்பார். ஆச்சி, முடிய விடும்! அவ்வளவுதான். அதைத்தான் கத்துகிறார். ஆச்சி, முடிய விடும், புண்ணியமாப் போவும். கேட்டது. கொஞ்சம் மூக்கில் பட்டு, கத்தும்போது மட்டும் நடுவில் உடைகிற அந்தக் குரல், வேறு யாருடையதும் இல்லை, காதுக்குள் அப்படியே, பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல. அவள் அசையவில்லை. அசைந்தால் போய்விடுமோ என்று மூச்சையும் பிடித்துக்கொண்டு, அவரை இன்னும் கொஞ்சம் கத்தவிட்டாள். ஆச்சியைத் திட்டினார். தண்ணீரைத் திட்டினார். கடைசியில் மெல்ல ஒரு தடவை, வசந்தா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். வந்தது, அவர் குரலிலேயே வந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் அறைக்குள் வந்து பாலத்துப் படத்திலிருந்து ஆரம்பித்திருந்தார். இனிப் படகு, பிறகு பசு, பிறகு இது. சொல்லலாமா? சொல்லாவிட்டால் அவர் பாட்டுக்கு அட்டையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கலாம், ஒன்றும் கெடாது. சொன்னால் என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் என்றா? வீட்டுக்காரர் இதோ நடந்து வருகிறாரே. பழைய வீட்டுக்காரர் என்றால் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரன்போல இருக்கிறது. உமையாள் அப்பா என்று சொல்லலாம். அது நல்லது, யாருக்கும் குத்தாது, ஆனால் தண்ணீரில் நிற்கிற மனிதரை இன்னொருத்தர் கணக்கில் எழுதித் தள்ளிவிட்டதுபோல ஆகும். அவர் பசுவுக்கு வந்துவிட்டார். பசு ஏன் மாடியில் நிற்கிறது என்று அட்டையில் இருந்ததுபோலிருக்கிறது, தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அவள் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இந்தத் தடவை உரக்கவே படித்தார். "வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கும் பொதுமக்கள்."

அவர்களுக்குப் பின்னாலேயே செல்வராணியும் வந்திருந்தாள். "வாரவங்க எல்லாம் இந்தப் படத்துகிட்டதான் நிப்பாங்க, அந்தப் பாட்டிய பாத்துச் சிரிப்பாங்க. தூக்கிட்டு நிக்கிற ஆளு யாருன்னுதான் யாருக்கும் தெரியல" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்று வசந்தகோகிலத்தின் வாய் சொல்லிவிட்டது. "எங்க வீட்டுக்காரரு."

செல்வராணி படத்தைப் பார்த்தாள், ஆவுடையப்பனைப் பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பானது. "சாரா! ஏ அப்பா, அப்ப எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கீங்க சார்!"

ஆவுடையப்பன் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. மனைவியைப் பார்த்தார். நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி இருக்கட்டும் என்கிற பார்வை. ஒல்லியாக இருந்த ஆளாகவே இருந்துவிட்டுப் போகவும் அவர் தயார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நொடியில் அவரைச் சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்போல இருந்தது.

"இல்லம்மா, இவங்க இல்ல. இவங்க ஆவுடையப்பன். படத்துல நிக்கிறவங்க சங்கரபாண்டி. அவங்கதான் முதல்ல, இவங்க இப்பம். ரெண்டு பேரும் எங்க வீட்டுக்காரங்கதான்."

செல்வராணிக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. "சரிக்கா" என்றாள், பிறகு அதையே கொஞ்சம் நிதானமாக, "சரிக்கா" என்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வசந்தகோகிலத்துக்குப் பின்னால் போட்டாள். "உக்காந்து பாருங்கக்கா."

அவள் உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் படத்துக்கு மிகக் கிட்டே போனார். அட்டையை முடித்துவிட்டு இப்போது படத்தையே அட்டையைப்போலப் படித்தார், மேலேயிருந்து கீழே, இடமிருந்து வலம். "நீச்சல் தெரிஞ்சவரா?"

"ஒரு கை போடத் தெரியாது."

"அப்பம் பயந்துதான் இருப்பாரு."

"பயந்துதான் கண்ண மூடிட்டு நிக்காரு பாருங்க."

"உன்கிட்டச் சொல்லலியோ?"

"வேடிக்க பாத்தேன்னு சொன்னாரு."

ஆவுடையப்பன் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. "சரியான ஆளா இருப்பாரு போல இருக்கே. பழகியிருந்திருக்கலாம்" என்றார். அவளும் சிரித்தாள், கண் ஓரத்தில் வந்ததை முந்தானையால் ஒற்றிக்கொண்டே. சிரிக்கச் சிரிக்க ஒன்று ஒன்றாக வந்தது, சீப்பு, குற்றாலத்துத் துண்டு, பட்டன், எல்லாம். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர் ம் கொட்டிக்கொண்டே இருந்தார், செல்வராணி ஜன்னல் திட்டில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். சங்கரபாண்டி என்று எத்தனை தடவை சொன்னாளோ, ஒரு தடவையும் நாக்கில் தட்டவில்லை.

"உமையாளுக்கு ஒரு படம் எடுத்து அனுப்புவமா?" என்று ஆவுடையப்பன் தன் போனை எடுத்தார். கண்ணாடியில் அவர் உருவமே விழுந்து மறைத்தது. இந்தப் பக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார், குனிந்து பார்த்தார், போன் பிடித்த கையும் வழுக்கையும் தண்ணீரில் நிற்கிறவர்களோடு சேர்ந்து தெரிந்தது. "நானும் சேந்து விழுதேன்" என்று முனகினார்.

"விழட்டும். நீங்களும் இருங்க" என்றாள் அவள்.

அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே உமையாள் கூப்பிட்டுவிட்டாள். எங்கிருக்கிறாய், இது எந்த இடம், அப்பாவா அது, நிஜமாகவே அப்பாவா என்று ஓசூரிலிருந்து மூச்சு முட்டக் கேட்டாள். ஆமா, உங்கப்பாதான். ஆமா, வேடிக்கை பார்த்த அன்னைக்குத்தான். இல்லட்டி, கண்ணாடில தெரியுறது இவங்க. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, ஆள் யார் என்று அடையாளம் சொல்ல அவளுக்கு அது போதும். பிறகு உமையாள் மெதுவாகக் கேட்டாள்.

"அழுதியாம்மா?"

வசந்தகோகிலம் யோசித்துப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆற்றுமணலில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். ஆவுடையப்பன் நான்காவது அறை வாசலில் அங்கேயிருந்த அட்டையைப் படிக்கத் தொடங்கியிருந்தார். மத்தியானம் தாண்டிவிட்டிருந்தது, காலையில் சாப்பிட்ட தோசை எந்தக் காலத்திலோ சாப்பிட்டதுபோல இருந்தது.

"கொஞ்சம். இப்பம் பசிக்கிட்டி, பயங்கரமாப் பசிக்கி" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.